பாறைக்குப் பூசிய பனியன் சாயம்

அந்தப் பாறை சாமியானதற்குக் காரணமாக இருந்த சாயம், குழந்தைகள் பனியனில் பூனைப் படம் அச்சடிப்பதற்காக வாங்கப்பட்டது. ஆர்டர் ரத்தாகிவிட்டது. பூனைக்கு மீசை சரியாக விழவில்லையாம். மிச்சமான மஞ்சளும் சிவப்பும் என் மாணவி ஒருத்தியின் வீட்டுப் பிரிண்டிங் பட்டறையில் கிடந்தன. இரண்டு டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு அவள் கல்லூரிக்கு எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் அவளைக் குறை சொல்ல முடியாது.

நான் திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள். நிலவியல் என்றால் மனை வாங்கி விற்பது என்று எங்கள் பகுதியில் பலர் நினைத்தார்கள். கல்யாண வீடுகளில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அவிநாசி ரோட்டில் சென்ட் என்ன விலை போகிறது என்று கேட்பார்கள். கல்லைப் பற்றிய படிப்பு என்று விளக்கினால் முகம் வாடிவிடும். சிலர் என் கணவரைப் பார்த்து அனுதாபமாகச் சிரிப்பார்கள்.

எங்கள் துறைக்கு விரும்பி வந்தவர்கள் என்று யாரும் கிடையாது. மற்ற துறைகளில் இடம் தீர்ந்த பிறகு மிஞ்சியவர்கள் எங்களுக்கு. பாதிப் பேர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருவார்கள். முதல் மணி நேரத்தில் அவர்கள் தூங்குவார்கள், நான் பாடம் நடத்துவேன். ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடுவதில்லை.

முதல் நாளே நான் அவர்களிடம் சொல்லிவிடுவேன். நான் சொல்வதை நம்பாதீர்கள், புத்தகத்தையும் நம்பாதீர்கள், கல்லைப் போய்ப் பாருங்கள் என்று. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும். பிள்ளைகளும் நம்பாமல்தான் இருந்தார்கள். முக்கியமாக, நிலவியல் படித்தால் வேலை கிடைக்கும் என்று நான் சொன்னதை அவர்கள் கடைசிவரை நம்பவில்லை.

பார்ப்பதற்கு நான் அவர்களைக் கூட்டிப்போனது ஒரே ஒரு பாறைக்கு. பெருமாநல்லூர் தாண்டிப் பஸ்ஸை விட்டு இறங்கி, சோளம் அறுத்த மேட்டாங்காட்டில் நடந்தால் வரும். எருமை படுத்திருக்கிற உயரம்தான் இருக்கும், ஆனால் ஒரு வகுப்பே ஏறி நிற்கிற அகலம். சாம்பல் நிறக் கல். அதில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அதைக் குறுக்கே தாண்டிக் கறுப்பாக இன்னொரு பட்டை. இரண்டுமே ஒரு காலத்தில் உருகிய கல்லாகக் கீழிருந்து வந்து விரிசலில் புகுந்து உறைந்தவை. எது முதலில் வந்தது என்பதுதான் கேள்வி.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கோடு போட்ட துணியைக் குறுக்கே கத்தரித்தால், கோடு முந்தியா கத்தரி முந்தியா என்று எந்தக் கட்டிங் மாஸ்டரிடமும் யாரும் கேட்பதில்லை. வெட்டுப்படுவது மூத்தது, வெட்டுவது இளையது. என் பாறையில் இளஞ்சிவப்புப் பட்டை வந்து கறுப்பில் முட்டி நின்றுவிடும். கறுப்பின் அந்தப் பக்கம் மறுபடி தொடங்கிப் போகும். ஆகவே கறுப்புதான் பின்னால் வந்தது. இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் என் முனைவர் பட்டம், என் கட்டுரைகள், இந்த வட்டாரத்துக் கற்களின் வயது வரிசை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாமே நின்றது. இரண்டு பட்டையும் சந்திக்கிற மற்ற இடங்கள் மண்ணுக்கடியில் இருந்தன, அல்லது ஜல்லியாகிச் சாலைக்குப் போய்விட்டன. வெளியே தெரிந்தது இது ஒன்றுதான்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒருவர் இருந்தார். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூத்த பேராசிரியர். இளஞ்சிவப்புதான் இளையது என்பது அவர் கட்சி. எங்கள் தொழிலில் சண்டை மெதுவாக நடக்கும். அவர் ஒரு கட்டுரை எழுதுவார், நான் மறுத்து எழுதுவேன். அவர் பதில் வருவதற்குள் எனக்கு ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டது. கருத்தரங்கில் பார்த்தால், “நல்லா இருக்கியாம்மா, பிள்ளை சௌக்கியமா?” என்று விசாரித்துவிட்டு, மேடையில் ஏறி நான் எழுதியது முழுக்கத் தப்பு என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவரை ஒரு நாள் அந்தப் பாறைக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பதே என் வாழ்க்கையின் ஆசையாக இருந்தது. காசி, ராமேஸ்வரம் எல்லாம் எனக்குத் தோன்றியதில்லை.

அவர் முதலில் போட்டோ கேட்டார். போட்டோவில் எல்லைகள் துலங்க வேண்டும் என்பதற்காகத்தான் கோடு போட நினைத்தோம். சாக்பீஸ் வெயிலில் தெரியவில்லை. பெயின்ட் வாங்கத் துறையில் நிதி இல்லை. அப்போதுதான் அந்த மாணவி பூனைப் படத்துக்கு வாங்கிய சாயப் பேஸ்ட்டைக் கொண்டுவந்தாள். வெள்ளை இருந்தால் நல்லது என்றேன். “வெள்ளை ஸ்டாக் இல்லீங்க மேம். எல்லாப் பனியனுக்கும் வெள்ளைதான் போவுது” என்றாள். கறுப்புப் பட்டையின் ஓரங்களுக்குச் சிவப்பும், இளஞ்சிவப்பின் ஓரங்களுக்கு மஞ்சளும் இழுத்தோம். அந்தப் பேஸ்ட்டைத் துணியில் போட்டால் சூடு காட்ட வேண்டும், அப்போதுதான் நிலைக்கும். சித்திரை வெயில் பாறைக்கு அந்தச் செலவு வைக்கவில்லை.

போட்டோவை அனுப்பினேன். பேராசிரியர் போனில் கூப்பிட்டார். “அம்மா, படம் ரொம்பத் தெளிவா இருக்கு. ஆனா அதுல எனக்குத் தெரியற கோடு நீ போட்ட கோடு. கல்லு போட்ட கோடு எங்கே?” என்றார். நியாயமான கேள்வி. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. “நீங்களே வந்து பாருங்க சார்” என்றேன். முழங்கால் சரியானதும் வருவதாகச் சொன்னார். முழங்காலும் எங்கள் சண்டையைப் போலவே மெதுவாகத்தான் நகர்ந்தது.

இந்த இடைவெளியில் திருப்பூர் வளர்ந்தது. ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பு போய், கம்பெனிகள் ஊருக்குள் இடம் பற்றாமல் வெளியே விளைநிலங்களைக் காடுகாடாக வாங்கிப் போட்டன. என் பாறை கிடந்த காட்டையும் ஒரு பனியன் கம்பெனிக்காரர் வாங்கினார். வேலி போட்ட செய்தி கேட்டதும் அவருடைய ஆபீசுக்கு ஓடினேன். உட்கார வைத்து, ஏசியைக் கூட்டி வைத்து, டீ வந்து நான் குடித்து முடிக்கும்வரை அவர் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“கல்லுத்தானுங்க மேடம் வேணும்? வெடி வெச்சு ஒடச்சதும் ஒரு துண்டு உடாம லாரில ஏத்திக் காலேஜுக்கே அனுப்பி வெச்சர்றனுங்க. லாரி வாடகை நம்மளுது” என்றார்.

அது இருக்கிற இடத்திலேயே, இருக்கிற மாதிரியே இருந்தால்தான் உபயோகம் என்றேன்.

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “அப்பக் கொஞ்சம் சிரமமுங்க. அங்கதான் ஜெனரேட்டர் வருது” என்றார்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். இவ்வளவு மரியாதையாக ஒருவர் நம் குடியைக் கெடுக்கும்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பாறையில் துளை போடக் கம்ப்ரசர் வண்டி வந்த அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. சாவு வீட்டுக்குப் போவதைப் போலத்தான். அங்கே வேலை நடக்கவில்லை. கம்ப்ரசர்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். பாறையின் மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரர் காரில் வந்து இறங்கினார்.

“மிசின வெக்க மாட்டனுங்க. மஞ்சளும் குங்குமமும் வெச்சுக் கும்புடற கல்லுங்க இது. எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க” என்றார் கம்ப்ரசர்காரர். “எத்தன மழ பேஞ்சிருக்குது, போயிருக்குதான்னு பாருங்க.”

கம்பெனிக்காரர் பாறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஏனுங்க மேடம், நீங்க கல்லுப் படிச்சவிங்க. சொல்லுங்க. இது சாமிங்களா?”

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பாறை பிழைத்துவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கல்லைப் பற்றி ஒருவர் கேட்டால் தெரிந்ததைச் சொல்வதுதான் நான் சம்பளம் வாங்குகிற வேலை. சொன்னேன். சாமி இல்லீங்க, என் பிள்ளைகள் போட்ட கோடுங்க, பனியனுக்குப் போடுகிற பேஸ்ட்டுங்க என்று பூனைப் படம் வரைக்கும் சொன்னேன். என் பாறைக்கு நானே திரி வைத்துவிட்டதாக நினைத்தேன்.

கம்பெனிக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மஞ்சள் கோட்டை நகத்தால் சுரண்டினார், முகர்ந்து பார்த்தார். தொழில்காரர் அல்லவா. “ஆமா, பேஸ்ட்டுத்தான். சாயம் ஒட்டறதுக்குப் பைண்டர் நெம்ப நல்லாப் போட்டிருக்குது” என்றார்.

எழுந்து துடைத்துக்கொண்டு கேட்டார். “மேடம், இந்தச் சுத்துவட்டாரத்துல இத்தன பாறை கெடக்குது. நீங்க எதுக்குங்க இதுக்கு மட்டும் வந்து மஞ்சளும் செவப்பும் பூசுனீங்க?”

“இந்த மாதிரி இன்னொண்ணு இல்லீங்க” என்றேன்.

“அதத்தானுங்க அவுரும் சொல்றாரு” என்று கம்ப்ரசர்காரரைக் காட்டினார்.

ஜெனரேட்டர் வடமூலைக்குப் போனது. கம்பெனிப் பிளானையே மாற்றி வரைந்தார்கள். நான் பஸ் ஸ்டாப்புவரை சிரித்துக்கொண்டே நடந்தேன். வழியில் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. பேராசிரியருக்குப் போன் போட்டுப் பாறை இருக்கிறது, முழங்காலைக் கவனியுங்கள் என்றேன்.

கோடுகள் ஏழு என்று எண்ணிப் பார்த்து, ஏழு கன்னிமார் சாமி என்று கம்பெனி ஆட்கள் முடிவு செய்தார்கள். எங்கள் கணக்கில் கோடு ஆறுதான். ஏழாவது, டப்பாவில் பேஸ்ட் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு மாணவன் சும்மா இழுத்தது. கம்பெனி ஓடத் தொடங்கியதும் வெள்ளிக்கிழமை தோறும் பூஜை. டெய்லர்கள் ஷிப்டுக்கு முன்னால் வந்து கும்பிட்டார்கள். வடக்கேயிருந்து வந்த பையன்கள் இந்தியில் ஏதோ வேண்டிக்கொண்டு சிவப்புக் கயிறு கட்டினார்கள். என் மாணவர்களை உள்ளே விடத் தடை ஏதும் இல்லை. கம்பெனிக்காரர் எங்களுக்கு எப்போதும் சுண்டல் கொடுத்தனுப்பினார். இரண்டே நிபந்தனைதான். சுத்தியல் கூடாது, செருப்புக் கூடாது.

நிலவியலில் சுத்தியல் இல்லாமல்கூட ஒப்பேற்றிவிடலாம். பங்குனி வெயிலில் செருப்பில்லாமல் பாறையில் நின்று பாடம் கேட்பது கஷ்டம். பிள்ளைகள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் குதித்துக்கொண்டே குறிப்பு எடுத்தார்கள். நானும் குதித்துக்கொண்டேதான் நடத்தினேன். தூரத்தில் தன் அறை ஜன்னலிலிருந்து கம்பெனிக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த தை மாதம் பேராசிரியர் வந்தே விட்டார். ரயில் நிலையத்தில் போய் அழைத்து வந்தேன். முழங்காலுக்கு உறை போட்டு, கையில் லென்ஸ் வைத்திருந்தார். “இன்னைக்கு ஒருத்தர் தோத்தாகணும்” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பரீட்சைக்குப் போவதுபோல் இருந்தது. கம்பெனி கேட்டில் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். ஜெனரேட்டர் அறையைச் சுற்றித் திரும்பினோம்.

பாறை முழுக்க டைல்ஸ் போட்டிருந்தது.

வெள்ளை வெளேரென்று, இடுக்கில்லாமல், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சிமெண்ட் கொடுத்துச் சமன் செய்து, சுற்றிலும் எவர்சில்வர் குழாயில் கைப்பிடி. நடுவில் ஒரு முழம் மட்டும் கல்லை விட்டு வைத்து மஞ்சள் அப்பி, பூ சாத்தியிருந்தார்கள். அந்த ஒரு முழத்தில் இளஞ்சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. வெறும் சாம்பல் கல்.

கம்பெனிக்காரர் வேகமாக வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். “வாங்க மேடம், வாங்க சார். போன வாரந்தானுங்க முடிஞ்சுது. உங்க புள்ளைக கால் சுட்டுக் குதிக்கறதப் பாத்துட்டே இருந்தனுங்க. மனசு கேக்கல. கிரானைட் போட்டா வழுக்கும்னு சொன்னாங்க. அதானுங்க சூடு புடிக்காத டைல்ஸா பாத்து வாங்கிப் போட்டுட்டேன். நின்னு பாருங்க சார், எப்படி ஜில்லுன்னு இருக்குது!”

பேராசிரியர் ஏறி நின்று பார்த்தார். “ஆமா, ஜில்லுன்னுதான் இருக்கு” என்றார்.

என் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனந்தக் கண்ணீர் என்று கம்பெனிக்காரர் எடுத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு டைல்ஸை மட்டும், இதோ இந்த இடத்தில், பெயர்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். மறுக்க மனம் வராதவர். ஆனால் உளி வைக்க வேண்டியது சாமி மேல்.

“நாம முடிவு பண்ண வேண்டாமுங்க. சாமிகிட்ட உத்தரவு கேட்டுப் போடலாம். வெள்ளப் பூ வந்தா ஒரு டைல்ஸ் என்னங்க, நீங்க சொல்றத பூராத்தயும் பேத்துக் குடுத்தர்றேன். செவப்பு வந்தா உட்டறலாமுங்க.”

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும், கிணறு வெட்டவும், கம்பெனி தொடங்கவும் இப்படித்தான் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. பிரித்தறிய முடியாதபடி ஒரே மாதிரி இரண்டு கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, சாமி முன்னால் உருட்டி விட்டார்கள். “நீங்களே எடுங்க மேடம். உங்க கோரிக்கதான” என்றார் கம்பெனிக்காரர்.

பேராசிரியர் என் காதருகே குனிந்து, “பாதிக்குப் பாதி வாய்ப்பும்மா. ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பம் போடறதுக்கு இது எவ்வளவோ மேல்” என்றார்.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். மற்றவர்களுக்காக நடிக்கவில்லை, நிஜமாகவே கும்பிட்டேன். அந்தச் சாமியின் ஏழு கோடுகளில் ஆறைப் போட வைத்தவள் நான். அதன் வயது என்ன, எந்த ஆழத்திலிருந்து வந்தது, எதை வெட்டிக்கொண்டு வந்தது என்று எனக்குத் தெரியும். என்னைவிட நெருக்கமாக அதைத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. எனக்கு வெள்ளை கொடு என்று கேட்டேன். ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்தேன்.

சிவப்பு.

“வருத்தப்படாதீங்க மேடம்” என்று கம்பெனிக்காரர் மெதுவாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் திருநீறும் சுண்டலும் வந்தன.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் பேராசிரியர் சுண்டலைச் சாப்பிட்டு முடித்து, காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“கறுப்புதான் வெட்டுதா?” என்றார்.

“ஆமாங்க சார்.”

“அந்தப் பக்கம் மறுபடியும் இளஞ்சிவப்பு தொடருதா?”

“தொடருதுங்க சார்.”

“சரிம்மா. நீதான் சரி. நான் எழுதிடறேன்.”

“நீங்க பாக்கவே இல்லீங்களே சார்.”

“நீ பூ எடுத்தப்ப உன் முகத்தைப் பார்த்தேன். அது போதும்” என்றார்.

எழுதவும் எழுதினார். அடுத்த கட்டுரையின் கடைசிப் பத்தியில், தன் பழைய கருத்தைக் கைவிடுவதாக ஒரு வாக்கியம். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் அவர் மறுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு இருந்த தெம்பு, ஒப்புக்கொண்ட பிறகு இல்லை. அவர் என்னை நம்பிவிட்டார். நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்டதே இல்லை.

அந்த வருஷமும் புதிய பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். வேறு பாறை எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக டைல்ஸ் மேல் நின்றார்கள். யாருக்கும் கால் சுடவில்லை. இதற்குக் கீழே இளஞ்சிவப்பாக ஒரு பட்டை இருக்கிறது, கறுப்பாக ஒரு பட்டை அதை வெட்டிக்கொண்டு போகிறது, ஆகவே கறுப்பு இளையது என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நம்பாதீர்கள் என்று முதல் நாள் நான் சொன்னதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசியில் பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். எனக்கு உயிர் வந்தது.

“மேம், நீங்க பாத்திருக்கீங்களா?”

“பார்த்திருக்கேன்” என்றேன்.

“அப்பச் சரிங்க மேம்” என்று குனிந்து எழுதிக்கொண்டாள்.